சாப்பிடாத பிள்ளைக்கு என்ன புத்தகம்?

சனிக்கிழமை காலை ஒன்பதே கால். முந்திய கிழமை திரும்பி வந்த புத்தகங்கள் பன்னிரண்டு. முதல் ஆளாகப் படியேறி வந்தவர் சுகந்தி. சிறுவர் படப்புத்தகம் இரவல் கொடுக்கும் தொழிலில், முதல் ஆளின் முகத்தைப் பார்த்தாலே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். அன்று எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் என் கட்சிதான் என்று எனக்குத் தெரியும். ஒரு கையில் சோற்றுத் தட்டு, மறு கையில் கைபேசி, கதிரைக்கும் கட்டிலுக்கும் இடையில் மூன்றடி உயர மனிதர் ஒருவருக்குப் பின்னால் ஓடியிருப்பீர்கள். காகத்தைக் காட்டி, துறைமுகத்தில் நிற்கிற கப்பலைக் காட்டி, கடைசியில் பொலிஸைக் காட்டி ஒரு வாய் ஊட்டியிருப்பீர்கள். ஆகவே உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழுக்குத் திருகோணமலையிலிருந்து செய்தி அனுப்பிவிட்டு, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டு முன்னறையில் இந்த நூலகத்தைத் திறந்தேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் கேட்காத சில வாக்கியங்களை இங்கே கேட்டிருக்கிறேன். அவற்றை மட்டும், சொன்னபடியே, கீழே தருகிறேன்.

புள்ளிகள்

நூலகம் என்பது பெரிய சொல். ஒரு அலுமாரி, இரண்டு பாய், முந்நூறு புத்தகங்கள் வரை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிறப் புள்ளி ஒட்டியிருக்கும்: கோபத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம், பொறாமைக்கு மஞ்சள், பயத்துக்குக் கறுப்பு, சாப்பாட்டுத் தொல்லைக்குப் பச்சை. இது என்னோடு வேலை செய்யும் நசீராவின் யோசனை. குறிஞ்சாக்கேணியில் பல வருடம் பாலர் பாடசாலை நடத்தியவர். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று பெற்றோர் சொல்வார்கள், நாங்கள் புள்ளியைப் பார்த்து எடுத்துக் கொடுப்போம்.

நிலாவெளியிலிருந்து வந்த ஒரு தகப்பன், மகன் சாமான்களை எறிகிறான், தங்கச்சியைக் கடிக்கிறான், கத்தரிக்காயைக் கண்டால் சத்தி எடுக்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போனார். எந்த நிறத்தில் தொடங்குவோம் என்று நசீரா கேட்டார். அவர் அலுமாரியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "எல்லாத்திலையும் ஒவ்வொண்டு தாங்கோ மிஸ். சாப்பாட்டுக்கு முந்தியோ, பிந்தியோ வாசிக்கிறது?"

இருபத்தாறு கண்கள்

கறுப்புப் புள்ளிப் புத்தகம் ஒன்று மூன்று கிழமை பிந்தித் திரும்பி வந்தது. காட்டில் இருட்டுகிற நேரத்தில் விலங்குகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போகிற கதை. திறந்து பார்த்தால் ஆந்தை, முயல், நரி என்று எல்லாவற்றின் கண்களின் மேலும் கறுப்பு ஒட்டுப்பொட்டு. நசீரா எண்ணினார்: இருபத்தாறு. ஒன்றுகூட விலகி ஒட்டப்படவில்லை. அட்டையில் நிலாவுக்கு முகம் வரைந்திருந்தார்கள், அதையும் விடவில்லை.

தாய் வெட்கப்பட்டுக்கொண்டு புதுப் புத்தகம் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் அவருடைய ஐந்து வயது மகளிடம் ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "மூடி வைச்சாலும் அதுகள் உள்ளுக்குக் கிடந்து பாக்குதுகள். இப்ப நான் மட்டும்தான் பாப்பன்."

நிறை

இனி சுகந்தி. எங்கள் மேட்டுக்குக் கீழே, உள்துறைமுகத்துக்கு அருகில் வீடு. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. காலை ஆறரை பஸ்ஸில் போனால் பின்னேரம் நாலரைக்குத்தான் வருவார். சனிக்கிழமை மட்டும் லீவு. அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் மகள் தர்ஷிகா, ஆறரை வயது, முன்பல் இரண்டும் இல்லை.

"முந்தியே வெறும் சோறும் பருப்பும்தான் அக்கா. மீன் எண்டால் குசினிப் பக்கமே வரமாட்டாள். இப்ப அஞ்சு மாசமா அந்தச் சோறும் இல்லை. ஒரு வாய் வைச்சிட்டு வயிறு நிரம்பிட்டுது எண்டுறாள்" என்றார். இப்படிச் சொல்லாத தாயை நான் இதுவரை காணவில்லை. பச்சைப் புள்ளியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்: எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்கிற ஒரு முயல்குட்டியின் கதை. கிளினிக்கிலும் ஒருக்கால் காட்டுங்கள் என்று சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை சுகந்தி வந்தபோது முகம் வேறுமாதிரி இருந்தது. கிளினிக்கில் மருத்துவமாது பிள்ளையைத் தராசில் ஏற்றி, பழைய அட்டையைப் பார்த்து, இறக்கி, இன்னொரு முறை ஏற்றியிருக்கிறார். பிறகு சொன்னாராம்: "ஒண்டும் சாப்பிடாத பிள்ளை அஞ்சு மாசத்தில ரெண்டு கிலோ கூடியிருக்கு. நீங்கள் இல்லாத நேரம் ஆரோ ஊட்டுகினம், சுகந்தி."

மூடி வைத்த தட்டு

யார் ஊட்டுவது என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரப் புத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளை பக்கத்து வீட்டில்தான் நிற்பாள், அங்கேயும் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டாள் என்றார் சுகந்தி. பிறகு, நான் கேட்காமலே, கணவரைப் பற்றிச் சொன்னார். தர்ஷிகா பக்கத்துப் பாயில் இருந்து புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ரவீந்திரன், மீன்பிடி. செப்டெம்பரில் ஒரு காலை தனியாகப் போனவர். மறுநாள் படகு மட்டும் துறைமுக வாசலுக்கு வெளியே மிதந்துகொண்டிருந்தது. இயந்திரம் சரி, வலை சரி. சுகந்தி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக, மூடி போட்டபடி இருந்தது. ஒரு கிழமை தேடினார்கள். எட்டாம் நாள் சொந்தக்காரர் வந்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து எட்டுச் செலவு செய்யவேண்டும் என்றார்கள். சுகந்தி மறுத்துவிட்டார். செத்தவருக்குத்தான் படைப்பது, அவர் செத்ததை யார் கண்டது? அதற்குப் பதிலாக அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவருடைய தட்டில் சோறு போட்டு, மூன்று சாளை மீன் வைத்து, பச்சைமிளகாய்ச் சம்பல் வைத்து, மூடி, குசினி மேசையில் அவருடைய கதிரைக்கு நேரே வைத்துவிட்டுப் போகிறார்.

"பின்னேரம் வந்து பாத்தால் தட்டு வெறுமை" என்றார். "சாப்பிட்டு முடிய மீன் முள்ளை விளிம்பில வரிசையா அடுக்கிறது அவர்ட பழக்கம். தலை எல்லாம் ஒரே பக்கம் பாக்க. அப்பிடியே கிடக்கும்." நசீரா எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடி வைத்தார். சுகந்தி மகளின் தலையைத் தடவிவிட்டு, சாதாரணமாக, ஊரில் இல்லாத மனிசனைப் பற்றிச் சொல்கிற மாதிரியே முடித்தார்: "நான் வீட்டில நிக்கிற நாளில மட்டும் வாறேல்லை அக்கா. வெக்கம் போல."

முயல் சாப்பிட்ட மீன்

முயல்குட்டிப் புத்தகம் அன்றுதான் திரும்பி வந்திருந்தது. அவர்கள் போனபின் நசீரா அதைத் துடைக்க எடுத்தார். இரவல் போன புத்தகங்களில் நாங்கள் சோற்றுப் பருக்கை கண்டிருக்கிறோம், கீரை கண்டிருக்கிறோம், ஒருமுறை பாதி அப்பத்தையே கண்டிருக்கிறோம். இதில் முயல்குட்டி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிற பக்கத்தில், அந்த வாயின் மேலே சிவப்பாகக் கறை. விரலால் தேய்த்தது தெரிந்தது. முகர்ந்தால் மீன்குழம்பு.

இரண்டு பக்கத்துக்கு இடையில், அடையாளத்துக்கு வைத்ததுபோல, ஒரு சாளையின் நடுமுள் இருந்தது. தலையிலிருந்து வால்வரை முறியாமல், ஒரு நார் சதையில்லாமல், தாளில் தன் உருவத்தைப் பதித்துக்கொண்டு கிடந்தது. மீனைத் தொடாத பிள்ளை வீட்டிலிருந்து வந்த புத்தகம். நசீரா அதை ஒரு கடதாசியில் மடித்தார், எறியவில்லை. "அக்கா, இந்தப் புத்தகத்தில ஆரோ ஒராள் சாப்பிட்டிரிக்கு. முயலா இரிந்தா எனக்குச் சந்தோசம்."

கடைசிப் பக்கம்

அடுத்த சனிக்கிழமை தர்ஷிகா நேராகப் போய்க் கறுப்புப் புள்ளிப் புத்தகங்களின் முன் இருந்தாள். சுகந்தி சந்தைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி அவளை எங்களிடம் விட்டிருந்தார். பிள்ளைகள் புத்தகம் பார்க்கும் விதம் எங்களுக்குத் தெரியும்: அட்டை, நடுப்பக்கம், பிறகு வேறு புத்தகம். இவள் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு அசைந்தது. எதையோ எண்ணினாள். பிறகு மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

ஒன்பது புத்தகம் இப்படிப் பார்த்தாள். நசீரா அவள் பக்கத்தில் போய் இருந்து, கதையை விட்டுவிட்டு என்ன பார்க்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். "துவக்கத்தில நிண்ட எல்லாரும் முடிவில நிக்கினமோ எண்டு பாக்கிறன், மிஸ்."

தட்டு நிறைஞ்சிருந்தால்

நசீரா மடித்து வைத்திருந்த கடதாசியை எடுத்து, முள்ளை அவள் முன் வைத்தேன். இது யாருடையது என்று கேட்டேன். "அப்பாட" என்றாள். அப்பா சாப்பிட்ட மீனா என்றேன். கதவைத் திரும்பிப் பார்த்தாள். தாய் இன்னும் வரவில்லை.

"நான் சாப்பிட்ட மீன். அப்பாட தட்டில."

பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போகுமுன் குசினிக் கதவால் உள்ளே போவாளாம். அப்பாவின் கதிரையில் இருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மீனைச் சாப்பிடுவாளாம். முதல் நாட்களில் இரண்டு தரம் சத்தி வந்ததாம். சம்பலுக்கு வாய் எரிந்து அழுதாளாம். "இப்ப எரியிறேல்லை. பழகிட்டுது." பிறகு முள் மூன்றையும் அப்பா அடுக்குகிற மாதிரி அடுக்குவாளாம். ஒரு நாள் ஒரு முள் நல்ல வடிவாக வந்ததாம், அதைப் புத்தகத்தில் வைத்தாளாம். அன்றைக்கு விளிம்பில் இரண்டுதான், அம்மா கவனிக்கவில்லையாம்.

உங்களுக்குத்தான் மீன் பிடிக்காதே, ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பெரியவர்கள் கேட்கிற கேள்வி. அவள் இதை எனக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்ட மாதிரி இருந்தது. "அம்மா வந்த உடனை மூடியைத்தான் திறக்கிறவ. தட்டு வெறுமை எண்டால் சிரிப்பா. நிறைஞ்சு கிடந்தால் அப்பா வரேல்லை எண்டு ஆகிப்போடும். நான் சாப்பிடாட்டி அப்பா செத்துப்போடுவார், அன்ரி."

புள்ளி மாற்றியது

தாயிடம் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன். ஒரு ஆறரை வயதுப் பிள்ளை தகப்பனை உயிரோடு வைத்திருக்கத் தினமும் மூன்று மீன் தின்கிறாள். எத்தனை வருடம் தின்பாள்? இதை யோசிக்க வேண்டிய இடத்தில் நாங்கள் வேறொன்றை யோசித்தோம். பச்சைப் புள்ளி தவறு என்று கண்டுபிடித்தோம். துக்கத்துக்குரிய நீலப் புள்ளியில் ஒன்றை எடுத்து, அதைப் பையில் வைத்து அனுப்பினோம். வயிற்று நோவுக்குக் கொடுத்த மருந்தை நெஞ்சு நோவுக்கு மாற்றுகிற மாதிரி. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது நசீரா படியில் நின்றார். சுகந்திக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. சொன்னால் அந்த மனிசிக்கு அன்றைக்கே புருஷன் சாவார், அதைச் செய்கிற ஆள் நானாக இருக்கமாட்டேன் என்பது என் கட்சி. அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். நசீரா குடையை விரித்தார். "நீங்க பேப்பர்ல இரிந்தவங்க அக்கா. சொல்லாம இரிக்கிறதை எங்க படிச்ச நீங்க?"

போயா நாள்

அந்தப் புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. நிலாவெளியில் ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தோம். ஹோட்டலுக்கு ஏது விடுமுறை, சுகந்திக்கு வேலை. தர்ஷிகாவையும் கூட்டிப்போங்கள் என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு, அவர் பஸ்ஸுக்குப் புறப்படுகிற நேரத்தில், வாடகை முச்சக்கர வண்டியில் பிள்ளையை ஏற்றினோம். அவள் குசினி யன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உள்ளே மேசையில் தட்டு மூடி இருந்தது எனக்கும் தெரிந்தது.

நாள் முழுக்க எங்களோடு இருந்தாள். கடற்கரைக்குக் கூட்டிப்போனோம், கால் நனைக்கமாட்டேன் என்றாள். பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு ஒரு தரம், இரண்டுக்கு ஒரு தரம் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டாள். ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஒழுங்கை முனையில் இறக்கிவிட்டோம். சுகந்தி வாசலில் நின்றார். பிள்ளை அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். எங்கள் வண்டிக்காரர் திருப்பிக்கொண்டே சொன்னார்: "பாவம், நல்ல பசி போல. குசினிக்குத்தான் ஓடுது."

களவு

சனிக்கிழமை அவர்கள் வந்தபோது பிள்ளையைப் பார்த்து நசீரா எழும்பிவிட்டார். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. மூன்று நாளாகத் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும். இது உண்மையான சாப்பிடாமை, தராசு தேவையில்லை. சுகந்தி வாசற்படியிலேயே இருந்துவிட்டார். நான் பிள்ளையை உள்ளே பின்னறைக்குக் கூட்டிப்போனேன். நசீராவும் வந்தார்.

"அண்டைக்கு நான் சாப்பிடேல்லை, அன்ரி" என்றாள். குரல் வெளியே வரவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோகவேண்டியிருந்தது. "நாங்கள் நிலாவெளியில. அம்மா வேலைக்கு. நான் வந்து மூடியைத் திறந்தனான். தட்டு வெறுமை. முள்ளு மூண்டும் வரிசையா. தலை எல்லாம் ஒரே பக்கம்."

வெளியே ஒரு கப்பல் ஊதியது. நசீரா என் கையைப் பிடித்ததை, அவர் விட்ட பிறகுதான் உணர்ந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குற்றம் ஒப்புக்கொள்கிற பெரிய மனிதரைப் போல நேரே பார்த்துச் சொன்னாள்: "அப்ப அவர் ஒவ்வொரு நாளும் வந்தவர். நான்தான் முந்தி வந்து களவெடுத்துத் திண்டுபோட்டன். அஞ்சு மாசமா அப்பா பட்டினி. இனி நான் ஒண்டும் தொடமாட்டன்."

சுகந்தி சொன்னது

சத்தியத்தை அந்த நிமிடமே உடைத்தேன். வாசற்படியில் சுகந்திக்குப் பக்கத்தில் இருந்து, நசீரா உள்ளே பிள்ளையோடு இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுவார் என்று தண்ணீரும் கையில் வைத்திருந்தேன்.

"தெரியும் அக்கா" என்றார்.

எட்டாம் நாள் தட்டு வைத்தபோது உண்மையாகத்தான் வைத்தாராம். அதிலிருந்து மூன்றாம் நாள் வந்து வெறுந்தட்டைக் கண்டபோது ஒரு மணித்தியாலம் நம்பினாராம். பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டக் கையைப் பிடித்தால் மீன் மணம். "அப்பா போன நாளில இருந்து அவள் ஒரு பருக்கை தொடாமல் கிடந்தவள். எனக்கு அண்டைக்குச் சந்தோசம் வந்திட்டுது. அவர்ட தட்டில எண்டால் பிள்ளை சாப்பிடுது. அப்ப அவர்ட தட்டை எப்பிடி நிப்பாட்டுறது?" சம்பலுக்குப் பச்சைமிளகாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது அவர்தான். கணவர் வந்து சாப்பிடுகிறார் என்று எங்களிடம் சொன்னீர்களே என்றேன். "பிள்ளை பக்கத்தில இருந்தவள். வேறை என்னத்தைச் சொல்ல?"

போயா அன்று நாலரைக்கு வந்து பார்த்தால் தட்டு நிறைந்து கிடந்தது. ஐந்துக்குப் பிள்ளை வருவாள். பார்த்தால் அவள் என்ன நினைப்பாள் என்று பயந்து, அவசரம் அவசரமாகத் தட்டைக் காலியாக்கி மூடிவிட்டார். தாய் நம்புகிறார் என்று மகள் தின்கிறாள், மகள் நம்புகிறாள் என்று தாய் ஆக்கி வைக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு கதிரை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கவில்லையா என்று கேட்டேன். அந்த இருபத்திரண்டு வருடத்தையும் சேர்த்து, நான் கேட்ட மோசமான கேள்விகளில் அதற்கு முதலிடம். "நான் கடற்கரையில பிறந்தனான், அக்கா."

மீன்

சுகந்தி எழும்பி உள்ளே போனார். என்ன சொல்லவேண்டும் என்று எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்க்கவில்லை. நீலப் புள்ளிப் புத்தகங்களில் தகப்பன் நட்சத்திரமாகிறார், தூரப் பயணம் போகிறார், நீண்ட நித்திரை கொள்கிறார். சுகந்தி பாயில் மகளுக்கு முன்னால் இருந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பா செத்திட்டார் அம்மா. கடலில செத்திட்டார். புதன்கிழமை தட்டைக் காலியாக்கினது நான். மற்ற நாளெல்லாம் நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும். அவர் பட்டினி இல்லை. அவருக்கு இனிப் பசிக்காது" என்றார்.

பிள்ளை வெகுநேரம் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுதாள், அதை எழுத எனக்கு விருப்பமில்லை. அழுது முடிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஐந்து மாதமாகச் சுமந்ததை இறக்கி வைக்கிற குரலில் கேட்டாள்: "அப்ப இனி நான் மீன் தின்னத் தேவையில்லையோ?"

இரண்டு சாட்சிகள்

ஒன்றை விட்டுவிட்டால் நான் பத்திரிகையில் வேலை செய்ததாகச் சொல்லக்கூடாது. இரண்டு கிழமைக்குப் பிறகு, சும்மா பேச்சுவாக்கில், அந்த அவசரத்திலும் முள்ளை அவர் மாதிரி அடுக்க எப்படி மனம் வந்தது என்று சுகந்தியிடம் கேட்டேன். அவர் விளங்காமல் பார்த்தார். சோற்றைக் கோழிக்குப் போட்டாராம். மீன் மூன்றையும் பின்கதவில் நின்ற பூனைக்கு முழுசாக எறிந்தாராம். தட்டைக் கழுவாமல், வெறுமையாக, மூடிவிட்டாராம். முள்ளே இல்லை, எதை அடுக்க?

பிள்ளை பயத்தில் கற்பனை செய்திருக்கலாம். தாய் பதற்றத்தில் மறந்திருக்கலாம். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அச்சில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும் என்பது செய்தி மேசையின் விதி. இருந்தாலும் பிள்ளையிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போமா என்று நசீராவிடம் சொன்னேன். அவர் திரும்பி வந்த புத்தகங்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. "கேக்காதீங்க அக்கா. கேட்டா பதில் வந்திரும்."

நாங்கள் கேட்கவில்லை. புள்ளிகளை இன்னும் கழற்றவில்லை, ஆனால் சாப்பிடாத பிள்ளைக்கு என்ன புத்தகம் என்று யாராவது வந்தால், அலுமாரியைத் திறக்குமுன் வீட்டில் எத்தனை பேருக்குத் தட்டு வைக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் நிறத்துக்குப் போகிறோம்.

மார்ச் 9ஆம் திகதி காலை, உடல் இல்லாமலே, ரவீந்திரனுக்குக் கடற்கரையில் கிரியை செய்யப்பட்டது.